சுப்பராமய்யரின் வலது பாதம்

தவளையின் தோலை உரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இடுப்பில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. பிறகு இரண்டு விரலால் பிடித்து இழுத்தால், ஈரக் காலுறை கழன்று வருகிற மாதிரி முழுத்தோலும் கையோடு வந்துவிடும். ரகுபதி அதை வாரத்துக்கு நாற்பது தடவை செய்துகொண்டிருந்தான். ஒரு வைத்தியக் கல்லூரியில் உடலியல் பிரிவில் அவனுக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மாணவர்கள் வந்து உட்காருவதற்கு முன்னால், தவளையின் பிடரியில் ஊசியை விட்டு மூளையைக் கலக்கித் தோலை உரித்து, தொடைக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஓடும் நரம்பைக் கண்ணாடிக் கொக்கியால் பிரித்து, அதன் நுனியில் தொங்கும் கெண்டைச்சதையோடு மேஜைக்கு மேஜை வைத்துவிட வேண்டும். மிச்சத்தை வாளியில் போட வேண்டும். வாளிக்குள் போன பிறகும் சில கால்கள் உதைத்துக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷத்தில் அருவருப்பெல்லாம் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். எங்கே போயிற்று? தவளையை விட்டு இடம் மாறி மனிதர்கள் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலதிகாரியின் பல்லிளிப்பு, டிராமில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் தோண்டுகிறவர், மாமனார் வீட்டுக் கூடத்தில் கூடி ஏப்பம் விடுகிற பெரிய மனிதர்கள், எல்லாமே அவனுக்கு வயிற்றைப் புரட்டின.

நரம்பு ஒன்றின்மேல் மட்டும் அவனுக்கு மரியாதை. நரம்பைத் தந்திக்கம்பி மாதிரி என்று யாராவது சொன்னால் கோபம் வரும். கம்பி வெறுமனே கிடக்கிறது, மின்சாரத்தை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் போகிறது, அதில் கம்பியின் பெருமை என்ன? நரம்பு அப்படியல்ல. ஓர் இடத்தைச் சீண்டினால் அந்த இடமே தன் மின்சாரத்தைத் தான் உண்டாக்கி, அடுத்த இடத்தைக் கிளப்பிவிட்டு அடங்குகிறது. அடுத்தது அதற்கடுத்ததைக் கிளப்புகிறது. வெடியின் திரி எரிகிற மாதிரி, ஆனால் எரிந்து சாம்பலாகாத திரி. ஒரு கணம் ஓய்ந்துவிட்டு மறுபடியும் தயாராகிவிடும். சீண்டல் போதாவிட்டால் ஒன்றுமே நடக்காது. போதுமென்றால் முழுசாக நடக்கும், அரைகுறை என்ற பேச்சே கிடையாது. வினாடிக்குத் தொண்ணூறு அடி ஓடுகிற அந்தச் சங்கதியைப் புகை பூசிய காகிதத்தில் கோடாக வரைந்து பார்த்த அன்று, கடவுள் நேர்மையானவர் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மனிதர்களை நினைத்ததும் அந்த எண்ணம் கலைந்துவிட்டது.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாமனார் வீடு. மாமனார் சுப்பராமய்யர் ஹைகோர்ட்டில் முப்பது வருஷம் வக்கீல். ரகுபதி வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவனுக்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது. கல்லூரியிலிருந்து வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைச் சந்து வழியாக வந்து, கிணற்றடியில் தலைக்குக் குளித்து, உடுத்தியிருந்ததை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். மாமியார் தர்மாம்பாள் போட்ட சட்டம். குளித்து வந்தாலும் அவன் மனைவி விசாலம் அவன் விரல்களைத் தன் முகத்தருகே வர விடமாட்டாள். வாசனை சோப்புக்கு அசையாத நாற்றம் அது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

தவளை கொண்டுவந்து தருகிறவள் பச்சையம்மா. சுப்பராமய்யரின் அடையாற்றுத் தென்னந்தோப்பில் ஆற்றங்கரையோரமாக ஒரு குடிசையில் இருந்தாள். காலையில் மயிலாப்பூருக்கு நடந்து வந்து மாட்டுக்கொட்டகையைக் கூட்டிச் சாணி அள்ளிவிட்டுப் போவாள். கொட்டகைக்கு இப்பால் அவள் வந்ததில்லை. மீதிப் பொழுதில் மாம்பலம் பக்கம் போவாள். பெரிய ஏரியைத் தூர்த்து மனை போட்டு தியாகராய நகர் என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, தவளைகளுக்கு அதை யாரும் தெரிவிக்கவில்லை. அஸ்திவாரம் தோண்டின ஒவ்வொரு பள்ளத்திலும் மழைத் தண்ணீரும் தவளைகளும் நிரம்பியிருந்தன. பிடித்துப் பானையில் போட்டுக் கல்லூரியின் பின்வாசலில் கொடுப்பாள்.

ஆரம்பத்தில் அவள் கொண்டுவந்த தவளைகள் பாதிக்கு மேல் உதவவில்லை. பானைக்குள் குதித்துக் குதித்துத் தொடையெல்லாம் கன்றிப்போயிருக்கும். கன்றின சதை ஒழுங்காகத் துடிக்காது. அதனால் ரகுபதிதான் அவளுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொரு தவளைக்கும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து நனைத்த வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். பானையின் வாயில் பழைய துணியை ஈரமாகச் சுற்றி வைக்க வேண்டும். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். துணிக்கு, கிழிந்துபோன தன் சிவப்புப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள், சுப்பராமய்யர் கூடத்தில் பாகவத சப்தாகம் ஆரம்பித்தார். ஏழு நாளில் முழுப் பாகவதத்தையும் தானே வாசித்து முடிப்பதாகச் சங்கல்பம். அதற்கு மேல் ஒரு கொசுறுச் சங்கல்பமும் செய்துகொண்டார். காலையில் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அன்றைய பகுதி முடியும்வரை காலை மாற்றுவதில்லை. ஆகாரம் பாலும் பழமும். முன்னமே ஒல்லியான மனிதர், ஐந்தாம் நாள் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் வாசித்ததை விட அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் மெச்சிவிட்டுப் போனார்கள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று ரகுபதி நினைத்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் பச்சையம்மா கொல்லைச் சந்தில் தலையில் பானையோடு வந்து நின்றாள்.

"இன்னா சாமி, சனிக்கெழம எட்த்தா சொன்ன. காலேசு பூட்டிக் கீது. வாச்சுமேன் தொரத்துறான்."

தவறு ரகுபதியுடையது. விடுமுறையை மறந்து நாளைச் சொல்லிவிட்டான். பன்னிரண்டு தவளை. திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு எப்படியும் வேண்டும், மறுபடி பிடிக்கச் சொன்னால் மழை நின்றிருக்கலாம். கூடத்திலிருந்து மாமனாரின் குரல் சீராக வந்துகொண்டிருந்தது. பானையைத் தானே வாங்கிப்போய் மாட்டுக்கொட்டகையின் மூலையில் வைத்து வைக்கோலை இழுத்து மூடினான்.

"ரெண்டு நாள்தான். தினம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டுப் போ. ஆத்துல யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நா இன்னாத்துக்கு சொல்றேன்," என்று அவள் போய்விட்டாள்.

ஏழாம் நாள் மாலை வாசிப்பு முடிந்தது. தீபாராதனைக்கு எழுந்திருக்கச் சுப்பராமய்யர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார். இடது கால் நின்றது. வலது காலை எடுத்து வைத்தார். பாதம் தூக்கிக்கொள்ளவில்லை, விரல்கள் தரையில் இழுபட்டு, 'சப்' என்று ஈரத்துணி மாதிரி விழுந்தது. இன்னோர் அடி வைத்தார். இன்னொரு 'சப்'. கூடத்தில் மந்திரம் நின்றுபோயிற்று.

ரகுபதிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் எலும்பு ஒன்று முட்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு நேர் அடியில் வருகிறது. ஏழு நாள், நாளைக்குப் பத்து மணி நேரம், சதை வற்றின காலைப் பலகையின் விளிம்பில் வைத்து அழுத்தினால் நரம்பு என்ன செய்யும்? அந்த இடத்தில் திரி நமுத்துப்போகும். அவ்வளவுதான். சொல்லலாம் என்று அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் கொல்லையிலிருந்து தர்மாம்பாளின் அலறல் கேட்டது. பஞ்சகவ்யத்துக்குக் கோமியம் பிடிக்கப் போனவள் பானையைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் ஓடினார்கள். வைக்கோல் விலகிக் கிடந்தது. புதுப் பானை. வாயில் சிவப்புத் துணி. உள்ளே பன்னிரண்டு தவளை, அத்தனையும் கால் கட்டப்பட்டு, மினுமினுவென்று ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு. சப்தாகம் நடந்த வீடு. அன்றைக்கே விழுந்த கால். செய்வினை என்ற வார்த்தையை யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒரே நிமிஷத்தில் எல்லார் வாயிலும் அது இருந்தது.

பச்சையம்மா சாயங்காலச் சாணிக்காக வந்து கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, என்னடி இது?" என்றாள் தர்மாம்பாள்.

"தவளம்மா. சின்ன சாமியோட காலேசுக்கு. அவரக் கேளு."

அத்தனை முகமும் ரகுபதி பக்கம் திரும்பிற்று. மாமனார் இரண்டு பேர் தோளில் தொங்கியபடி பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் வியர்வை.

"மாப்பிள்ளை, என்னமோ சொல்றாளே இவ?" என்றாள் தர்மாம்பாள்.

"காலேஜ்தான் மூடியிருக்கே," என்றான் ரகுபதி. "இப்போ தவளைக்கு என்ன வேலை?"

நன்றாகக் கவனியுங்கள், அதில் ஒரு பொய் கிடையாது. கல்லூரி மூடித்தான் இருந்தது. தவளைக்கு வேலை இல்லைதான். படித்தவன் பொய் சொன்னால் இப்படித்தான் சொல்வான், கோர்ட்டில் கூட பிடிபடாது. பச்சையம்மா அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை, மிச்சம் வரும் என்று காத்திருப்பவள் மாதிரி பார்த்தாள். மிச்சம் வரவில்லை. பௌர்ணமிக்குள் தோப்புக் குடிசையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சுப்பராமய்யர் சொன்னார். அவள் புருஷன் குப்பன் நெஞ்சு வலிக்காரன், மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தான். மழையோ கொட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்து லஸ் முனையில் டிராமுக்காக நின்றவனைப் பச்சையம்மா மறித்தாள்.

"சாமி, ஒரு வார்த்த சொல்லு. அந்தப் பான உன்துன்னு. கால கட்ட சொன்னதும் நீதான. அவ்ளோதான் நா கேக்குறது."

"பொறு பச்சையம்மா. அவர் கால் ஏன் விழுந்துதுன்னு நான் நிரூபிச்சுக் காட்டறேன். அது உக்காந்ததால வந்தது. அது தெரிஞ்சுட்டா உன்மேல பழியே இல்லை."

"இன்னாத்த நிரூபிக்கிற? பான யார்துன்னு சொல்றதுக்கு மிஷினு எட்த்தாரணுமா?"

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது, சரி. உனக்குப் புரியுதா?" என்றாள் அவள். டிராம் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். அவளிடமிருந்து சேற்று நாற்றம் அடித்ததாக மனதுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டான். அது அவன் சட்டையிலிருந்து வந்த நாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் மேஜை போட்டு, கல்லூரியிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த, நரம்பை மின்சாரத்தால் சீண்டுகிற இன்டக்ஷன் காயிலையும் பாட்டரியையும் வைத்தான். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தர்மாம்பாள் வழக்கப்படி கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். ரகுபதி அன்று போல வாழ்நாளில் பேசியதில்லை. தவளையின் கால், மனிதனின் கால், இரண்டிலும் ஒரே மாதிரி நரம்பு, ஒரே மாதிரி சட்டம் என்றான். திரியின் கதையைச் சொன்னான். காயில் கருவி வண்டு மாதிரி ரீங்கரித்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு சுற்றிய இரண்டு கம்பிமுனைகளை முதலில் தன் முழங்காலுக்குக் கீழே வைத்தான். அவன் பாதம் வெடுக்கென்று தூக்கிக்கொண்டது. பெண்கள் 'ஐயோ' என்றார்கள்.

பிறகு மாமனாரின் நல்ல கால். முழங்காலுக்கு மேலே வெளியோரத்தில் வைத்தான், பாதம் எழுந்தது. கீழே வைத்தான், எழுந்தது.

பிறகு விழுந்த கால். மேலே வைத்தான். "சுருக்குங்கறது," என்றார் சுப்பராமய்யர். பாதம் அசையவில்லை. மின்சாரத்தைக் கூட்டினான். அசையவில்லை. கம்பிமுனைகளை அந்த எலும்பு முட்டுக்குக் கீழே, நாலே விரற்கடை இறக்கி வைத்தான். செத்துப் போனதென்று வீடு முழுக்க ஒப்பாரி வைத்திருந்த பாதம் சடக்கென்று எழுந்து நின்றது.

கூடம் மூச்சை இழுத்துக்கொண்டது. இத்தனை சுத்தமாக வரும் என்று ரகுபதியே எதிர்பார்க்கவில்லை.

"பாத்தேளா மாமா? மேலேர்ந்து கிளம்பறது இந்த எலும்புகிட்ட வந்து நின்னுடறது. அதுக்குக் கீழ நரம்பு நன்னா உயிரோட இருக்கு. செத்த நரம்பா இருந்தா இந்நேரம் கீழேயும் அடங்கிப் போயிருக்கும். ஏழு நாள் பலகையில அழுந்தினதுதான் காரணம். வேற ஒண்ணுமே இல்லை. ஆறேழு வாரத்துல தானா சரியாயிடும். மருந்து கூட வேண்டாம்."

சுப்பராமய்யர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பலகையில் உட்கார்ந்த புண்ணியம்தான் காலைச் சாய்த்தது என்று மாப்பிள்ளை பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டான். அவர் முகம் கோர்ட் முகமாக மாறியது.

"இப்போ என் கால் எழுந்ததே, நான் எழுப்பினேனா?"

"இல்லை மாமா."

"நான் நினைச்சேனா?"

"இல்லை."

"நான் நினைக்காமலே வெளியில இருக்கற ஒருத்தர் என் காலை ஆட்டலாம்."

"அது... கம்பி தொட்டா..."

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

"ஆமா."

"அந்தக் கம்பியில போறது கண்ணுக்குத் தெரியறதோ?"

"தெரியாது."

"நீங்க சொல்றேள், நாங்க நம்பறோம். நல்லது. நரம்புல ஓடறதை ஒரு இடத்துல தடுத்தா, கால் விழுந்துடும். தடுத்து நிறுத்தறதைத்தான் நம்ம பெரியவா கட்டுன்னு சொல்றா. அந்தக் கட்டு எலும்புகிட்ட விழுந்திருக்குன்னு நீங்களே விரல் வச்சுக் காட்டினேள்."

"மாமா, அது பலகை..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். தவளைக் காலுக்கும் மனுஷன் காலுக்கும் ஒரே சட்டம்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா," என்றான்.

"தவளைக் காலைக் கட்டினா?" என்று கேட்டுவிட்டு சுப்பராமய்யர் நிறுத்திக்கொண்டார். பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். இத்தனை நாள் ஊர்ப் பேச்சாக இருந்ததை மாப்பிள்ளை சயன்ஸ் வைத்துக் காட்டிவிட்டான் என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். இன்னொருவர் காயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரகுபதிக்கு அவர்களைப் பார்க்கக் குமட்டியது. வெற்றிலைக் காவி ஏறிய வாய்களும், அவற்றிலிருந்து வந்த நிச்சயமும், புத்தி என்ற ஒன்று இருந்தும் அதை இப்படி உபயோகிக்கிற கெட்டிக்காரத்தனமும். இருபது வார்த்தை அழகாகப் பேசத் தெரிந்தவனுக்கு அப்போதும் மூன்று வார்த்தை போதும். அந்தப் பானை என்னுது. கிளப்பிவிட்டால் முழுசாக வந்துவிடும், அரைகுறையாக வராது. அவன் பஞ்சைக் கழற்றிப் பிழிந்து, கம்பிகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து மூடினான்.

குடிசையைப் பௌர்ணமிக்கு முதல் நாளே பிரித்துவிட்டார்கள். வக்கீல் குமாஸ்தாவும் இரண்டு ஆட்களும் போனார்களாம். விஷயம் கேள்விப்பட்டு ரகுபதி அடையாற்றுக்குப் போனபோது கீற்றெல்லாம் சேற்றில் கிடந்தது. குப்பன் ஒரு தென்னை மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். பச்சையம்மா சட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போகப் போறேள்?" என்று கேட்டான். அவளை அதுவரை அவன் மரியாதைப் பன்மையில் பேசியதில்லை. பேச்சு எப்படியோ அப்படி வந்துவிட்டது.

அவள் அடுத்த சட்டியை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

"நான் வேணும்னா மாமாகிட்ட இன்னொரு தரம்..."

"கொஞ்சம் தள்ளு சாமி," என்றாள் அவள். "பாய மிதிச்சிகினு நிக்கிற."

அவன் தள்ளி நின்றான். அவள் பாயை எடுத்து உதறிச் சுருட்டினாள். சேறு அவன் வேட்டியில் தெறித்தது. அப்புறம் இரண்டு பேரும் ஆற்றோரமாக நடந்து போனார்கள், அவள் கூடையும் பாயுமாக முன்னால், குப்பன் இருமிக்கொண்டு பின்னால். கல்லூரிக்குத் தவளை கொடுக்கத் திருவல்லிக்கேணியிலிருந்து ஷஃபியுல்லா என்று வேறு ஒருவன் வர ஆரம்பித்தான். அவனுக்கு யாரும் வாழைநார் கட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதித் தவளை கன்றிப்போய் வந்தது.

மார்கழி பிறந்தது. ஒரு காலை சுப்பராமய்யர் பல் விளக்கும்போது வலது கட்டைவிரல் லேசாக மேலே எழுந்தது. அடுத்த வாரம் பாதம் முழுக்க எழுந்தது. தை பிறப்பதற்குள் கபாலி கோயிலைச் சுற்றி வந்துவிட்டார். ரகுபதி சொன்ன கணக்கு ஒரு நாள் கூடப் பிசகவில்லை. ஆனால் வீட்டார் கணக்கு வேறு. தோப்பிலிருந்து அவள் போனாள், காலில் இருந்து கட்டுப் போயிற்று. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? மாப்பிள்ளையின் மின்சாரமும் கொஞ்சம் உதவியது என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு விருந்து வைத்தார்கள். கூடத்தில் முதல் பந்தி எழுந்து போயிற்று. ரகுபதி கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாக அவனுக்கு எதுவுமே உடம்பில் ஒட்டவில்லை. அடுத்த கூடத்தில் மாமனார் யாருக்கோ எழுந்து நடந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுகமான காலடிச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

தர்மாம்பாள் பாயசப் பாத்திரத்தோடு வந்து குனிந்தாள்.

"மாமி," என்றான். "அந்தப் பானை என்னுது. தவளையை நான்தான் கொண்டுவரச் சொன்னேன். காலைக் கட்டச் சொன்னதும் நான்தான். கொட்டகையில மறைச்சு வச்சதும் நான்தான்."

சொல்லிவிட்டான். இனி வீடு இடிந்து விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியுமே," என்றாள் தர்மாம்பாள்.

அவன் கண்ணைத் திறந்தான். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் துழாவிக்கொண்டிருந்தாள்.

"சமையல்கட்டு ஜன்னல் கொல்லைப்பக்கம்தானே இருக்கு. நீங்க வைக்கோலை இழுத்து மூடினதைப் பாத்துண்டுதான் இருந்தேன். என்னவோ வச்சிருக்கார், பாராயணம் முடியட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்னு இருந்தேன். தவளைன்னு தெரியாது. கால் வேற கட்டியிருக்கவும், நெஜமாவே பயந்துதான் கத்தினேன். அப்புறம் அவ உங்க பேரைச் சொன்னப்பவே எல்லாம் புரிஞ்சு போச்சு."

"அப்போ அவளை ஏன்..."

"பின்ன என்ன பண்ணச் சொல்றேள்? சப்தாகம் நடக்கற ஆத்துல தவளையைக் கொண்டு வச்சது மாப்பிள்ளைன்னு ஊர் சிரிக்கவா? இல்லை, பகவான் கதையைப் படிச்சதால கால் போச்சுன்னு சொல்லவா? அத்தனை பேர் கூடியிருந்தா. யார் தலையிலயாவது விழுந்துதானே ஆகணும்."

"மாமாவுக்கும் தெரியுமா?"

தர்மாம்பாள் அடுத்த கூடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்களை அத்தனை கேள்வி கேட்டாரே, பானை யாருதுன்னு ஒரு தரமாவது கேட்டாரா? வக்கீல் இல்லையா. கேக்கப்படாத கேள்வியை அவர் கேக்க மாட்டார்."

ரகுபதி இலையைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். எழுந்து இலையை உதறிவிட்டுப் போக வேண்டும், கூடத்துக்குப் போய் அந்த மனிதரின் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும், அடையாற்றங்கரை முழுக்கத் தேடியாவது அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக நினைத்தான். நினைத்ததோடு சரி, கால் அசையவில்லை. வந்தது கோபம் இல்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கிக் கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னமே தெரியும். இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதியாக இருந்தது. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும் அவனுக்குத் தன்மேலேயே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஓங்கரிப்பை விழுங்கினான். பசித்தது.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்றாள் தர்மாம்பாள்.

"விடுங்கோ," என்றான்.